திரையில் காணும் மனநோய்

அச்சமூட்டும் கதையைக் கேட்பதில் மனிதர்க்கு என்றும் ஓர் இன்பம் உண்டு. பாட்டி சொன்ன கதைகளில் அதற்குப் புளியமரத்துப் பேய் ஒன்றே போதுமாயிருந்தது. திரைப்படம் தோன்றிய பின்னர் அப்பேய் மரத்தைவிட்டு இறங்கி மனிதனின் மனத்துக்குள் குடிபுகுந்தது. அதனை விரட்டுபவரும் பூசாரி அல்லர், மனநல மருத்துவர். இத்தகைய படங்கள் மனநோயைப் பற்றி நமக்கு எதனைக் கற்பிக்கின்றன, எதனை மறைக்கின்றன என்பதை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

1945-இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் 'ஸ்பெல்பவுண்ட்' என்னும் ஆங்கிலப் படத்தை இயக்கினார். அதன் நாயகன் தன் பெயரையே மறந்தவன். வெண்பரப்பின்மேல் கோடுகளைக் கண்டால் நடுங்குபவன். பெண் மருத்துவர் ஒருவர் அவனுடைய கனவை ஆராய்கிறார். அக்கனவுக் காட்சியை வடிவமைத்தவர் புகழ்பெற்ற ஓவியர் சால்வடோர் டாலி. இளமையில் உடன்பிறந்தவன் இறந்த விபத்தின் நினைவு மீள்கிறது, நோய் அகல்கிறது, உண்மைக் கொலையாளியும் அகப்படுகிறான். உள்ளத்தில் அமுங்கிய நினைவுகளைப் பற்றிப் பிராய்டு கூறியவற்றைத் திரைப்படம் துப்பறியும் கதையாக மாற்றிக்கொண்டது. மனம் பூட்டிய அறை. மருத்துவர் அதன் திறவுகோலைத் தேடுபவர்.

அதே ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த 'சைக்கோ' மற்றொரு வழியைக் காட்டிற்று. அங்கே மனம் பிளவுற்றவனே கொலைகாரன். அது முதல் எத்தனையோ படங்களில் மனநோயாளி கையில் கத்தியுடன் வருகிறான். உண்மையிலோ மனநோயாளர் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. பிறரால் துன்புறுத்தப்படுவோரே அவர்களுள் மிகுதி.

நம் நாட்டில் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1993-இல் பாசில் இயக்கத்தில் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படம். கணவனின் பழைய தறவாட்டு வீட்டுக்கு வரும் கங்கா என்னும் பெண், பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறாள். முற்காலத்தில் அவ்வீட்டில் கொலையுண்ட நாகவல்லி என்னும் தஞ்சை நடனமாதின் கதை அவள் உள்ளத்தைப் பற்றிக்கொள்கிறது. வீட்டார் வேறொரு பெண்ணின்மீது ஐயுறுகின்றனர். மருத்துவராக வரும் மோகன்லால் உண்மையை உணர்கிறார். பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த கங்காவின் இளமைத் துயரையும் கண்டறிகிறார். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இக்கதை பின்னர்க் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா', தமிழில் 'சந்திரமுகி', இந்தியில் 'பூல் புலையா' எனப் பல வடிவம் பெற்றது. மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நமக்கு இவற்றில் ஒரு செய்தி வியப்பளித்தது. மலையாளப் படத்தில் நோய் முற்றியபோது கங்கா பேசும் மொழி தமிழ். கன்னடத்திலும் தமிழிலும் அந்த ஆவி பாடுவது தெலுங்கு. இந்தியிலோ அது வங்காளியாகிவிடுகிறது. ஒவ்வொரு மொழியினரும் தம் வீட்டுப் பேய்க்கு அயல்மொழியையே அளித்தனர்! நோய் என்பது எங்கிருந்தோ வந்த வேற்றாள் என்று நம்புவது நமக்கு ஆறுதல் தருகிறது போலும்.

ஆனால் வாழ்க்கையில் மனநோய் நம் வீட்டு மொழியிலேயே பேசுகிறது; பலகாலும் பேசாமலே இருந்துவிடுகிறது. நமக்கு வேண்டிய குடும்பத்தில் ஓர் இளைஞர் இருந்தார். அவர் மெல்ல மெல்ல வேலைக்குச் செல்வதை நிறுத்தினார். குளிப்பதையும் நண்பரைக் காண்பதையும் விட்டார். "அவன் கத்தவில்லை, வேறு குரலில் பேசவில்லை, அவனுக்கு எப்படி மனநோய் இருக்கும்?" என்றார் தாயார். "சோம்பல்தான் அம்மா, போகப்போகச் சரியாகிவிடும்" என்று தேறுதல் கூறியவர் நாமே. அவ்வாறே இரண்டாண்டுகள் வீணாயின. இறுதியில் மருத்துவரிடம் சென்றபோது, "இதற்கு என்ன காரணம்? ஒன்றைச் சொல்லுங்கள், ஐயா" எனத் தாயார் கேட்டார். மருத்துவர் ஒன்றைச் சொல்லவில்லை. உடற்கூறு, பரம்பரை, வாழ்க்கைத் துன்பம் எனப் பலவும் சேர்ந்திருக்கலாம் என்றார். திறக்க வேண்டிய அறையும் அங்கில்லை. மாத்திரைகளும், வாரந்தோறும் உரையாடலும், வீட்டாரின் பொறுமையுமே இருந்தன. பல மாதங்கள் சென்ற பின் ஒரு நாள் காலையில் அவர் தாமே எழுந்து முகம் மழித்துக்கொண்டார். திரைப்படமாயின் அது காட்சியாகவே கருதப்படாது. அந்தத் தாயாருக்கோ அதுவே பெரிய வெற்றி.

'மணிச்சித்திரத்தாழ்' படத்தில், பகைவனைக் கொன்றுவிட்டதாக நாகவல்லியை நம்பச் செய்து ஒரே இரவில் நோயைத் தீர்க்கின்றனர். கதைக்கு அது அழகே. ஆயினும் அதை மெய்யென்று கொண்டு மருத்துவரிடம் செல்வோர், மூன்றாம் வாரமே மனந்தளர்ந்து மருந்தை நிறுத்திவிடுவர். இது திரைப்படம் அறியாமல் செய்யும் தீங்கு. அது செய்த நன்மையையும் மறத்தலாகாது. கங்காவைப் பேய் என்று எவரும் அடித்து விரட்டவில்லை. அவள் நோயாளி என்றே அப்படம் கூறிற்று. கணவனும் அவளைக் கைவிடவில்லை.

சட்டத்தின் சொற்களும் மாறிவந்துள்ளன. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியைப் 'பித்தர்' என்றது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 'மனநோயுற்ற ஆள்' என்றது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ ஆளை முன்னும் நோயைப் பின்னும் வைத்து, 'மனநோய் உடைய நபர்' எனக் குறிக்கிறது. அவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலாகாது எனவும் விதிக்கிறது. ஏட்டில் மாறிய சொல் வீட்டிலும் மாற வேண்டுமன்றோ? 'பைத்தியம்' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே பல குடும்பங்கள் நோயை மறைக்கின்றன.

எனவே, நேயர்களே, இத்தகைய படங்களைக் கண்டு மகிழுங்கள், அச்சத்தையும் அனுபவியுங்கள். வீடு திரும்பியதும், சில நாட்களாகப் பேசாதிருக்கும் ஒருவர் உங்கள் இல்லத்தில் உளரா என்று பாருங்கள். இருப்பின், அவரருகே அமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. எந்த நேரத்திலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். நம்மைப் போல் இரண்டாண்டுகள் காத்திராதீர்கள்.