பாரிசவாதமும் நினைவுப் பயிற்சியும்



பாரிசவாதத்தால் நினைவு குன்றிய பெரியவரைப் பார்க்கச் செல்லும் நாம், கட்டிலருகே நின்று, "நான் ஆர்? சொல்லுங்கோ பாப்பம்!" என்று பரீட்சை வைக்கின்றோம். அவர் வேறொரு பெயரைச் சொல்லிவிடுகின்றார், அப்பிழையே பதிந்துவிடுகின்றது. விட்ட பிழையை நினைவிற் கொண்டால் அன்றோ திருத்த இயலும்? ஊகிக்கவிடாது, சரியான விடையை முதலிற் கொடுத்துக் கற்பித்தால் நினைவிழந்தோர் நன்கு கற்பர் என்பதை 1994ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர்களான அலன் படெலியும் பார்பரா வில்சனும் காட்டினர்.

ஆகவே பெயரை நாமே முந்திச் சொல்லுவோம். உடனே திருப்பிச் சொல்லச் செய்வோம். பின்னர் அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என இடைவெளியை நீட்டிக் கேட்போம். தடுமாறினால், விடையைக் கூறி முந்திய இடைவெளிக்கே திரும்புவோம். கைத்தடி வைக்குமிடத்தையும் இவ்வாறே பழக்கலாம். அவர் களைத்தால் அன்றைக்கு அவ்வளவே.