பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர்



காசிமேட்டிலும் எண்ணூரிலும் குடியிருக்கிற நமக்கு, இருட்டான கடற்கரை எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. துறைமுக விளக்கு, அனல்மின் நிலையத்தின் வெளிச்சம், கன்டெய்னர் லாரிகளின் வரிசை என்று நமக்கு இரவும் பகல்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் தவக்காலத்தில், ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் ஆள் குடியில்லாத தீவு ஒன்றில் ஓர் இரவைக் கழிக்கிறார்கள். கச்சத்தீவைத்தான் சொல்கிறேன்.

பெயரைச் சொன்னதுமே 1974ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அரசியல் மேடைகளும் நினைவுக்கு வரும். இன்று அதை விட்டுவிடுவோம். சுமார் 285 ஏக்கர் நிலம். அதில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்த புனித அந்தோனியார் ஆலயம். ஊர் கிடையாது, கடை கிடையாது, குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. இராமேசுவரத்திலிருந்து போகிறவர்கள் தண்ணீர், கட்டுச்சோறு, பாய், போர்வை எல்லாம் படகில் ஏற்றிப் போகிறார்கள். மீன் பிடிக்கும் அதே விசைப்படகுகள்தான். அன்று மட்டும் வலை இருக்காது. முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி. இரவு ஆலயத்தைச் சுற்றி, கிடைத்த இடத்தில் படுக்கை. விடிந்ததும் தமிழிலும் சிங்களத்திலும் திருப்பலி.

லேவியர் நூல் 23ஆம் அதிகாரத்தில் கூடார விழா வருகிறது. வீடு உள்ளவரும் ஏழு நாள் குடிலில் தங்க வேண்டும். எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் அப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகள் அறிய வேண்டுமாம். குடிலில் பூட்டுவதற்குக் கதவு ஏது? பக்கத்துக் குடிலில் இருப்பவரை நம்பித்தான் கண்ணயர வேண்டும்.

கச்சத்தீவில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் நெடுந்தீவு மீனவராக இருக்கலாம். அவர் வலையை அறுத்தது நம் இழுவைமடியாகவும் இருக்கலாம். கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். நம்மவர்கள் சிறைப்படுவதும் படகுகள் பறிபோவதும் நமக்கு வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். அந்த வேதனையில்தான் 2024இல் இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். ஆனால் 2009இல் போர் முடிந்து, கடன் வாங்கி வலை போட்ட வடஇலங்கை மீனவருக்கும் வயிறு உண்டல்லவா? கடலடியை வாரும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டமாகவே தடைசெய்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஃபைபர் படகுக்காரர் விரித்த வலைமேல் விசைப்படகு ஓடுவது நம் கடலிலும் உண்டு. உங்களுக்குத் தெரியாததா?

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் ஆகச் சொன்னார் ஆண்டவர். மத்தேயு 5ஆம் அதிகாரம். ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்றார். நாம் வழக்கமாகத் திருப்பிப் படிக்கிறோம்.

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். கைக்கு நேரம் உண்டு. யாருடைய வலைக்காவது கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தால், ஜூன் மாதம் படகு இறங்கும் முன் அவர் வீட்டுப் படி ஏறிவிட்டு வாருங்கள். திருவிழா வரி அதன் பிறகு கொடுக்கலாம், பங்குத்தந்தை காத்திருப்பார்.

சிறையில் இருக்கும் நம் மீனவர்களுக்காகவும், அறுந்த வலையோடு கரை திரும்பிய அக்கரை மீனவர்களுக்காகவும் இப்போது சேர்ந்து ஓர் அருள் நிறைந்த மரியே சொல்வோம்.