சாவி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்டிங்: முதல் வீடும் ஹோம் இன்ஸ்பெக்‌ஷனும்

ஹோம் லோன் எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான். "ஃபிளாட் புக் பண்ணியாச்சு, லோனும் வந்தாச்சு, அடுத்த மாசம் சாவி தர்றாங்க. ஹோம் இன்ஸ்பெக்‌ஷன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது நமக்குத் தேவையா?" இன்னைக்கு அதை மட்டும் பேசலாம். நான் மேடவாக்கம் பக்கம் ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட் வாங்கினேன், அதனால சொல்றதெல்லாம் சென்னைக் கணக்கு.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஊர்ல வீடு வாங்கும்போது வக்கீலைப் பார்க்கிறோம். வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறோம், மூலப் பத்திரம் பார்க்கிறோம். வாஸ்து பார்க்க ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறோம். ஆனா சுவரையும் குழாயையும் வயரையும் பார்க்க யாரையும் கூப்பிடுறதில்லை. நாம ஐடில ஒரு லாகின் பேஜைக்கூட டெஸ்டிங் இல்லாம லைவுக்கு விட மாட்டோம். 20 வருஷம் இஎம்ஐ கட்டப்போற வீட்டை மட்டும் பெயிண்ட் வாசனையை வச்சு ஓகே சொல்லிடுறோம்.

"ரெரா இருக்கே, 5 வருஷம் வாரண்டி இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. 2016-ல வந்த ரெரா சட்டத்தோட 14-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. வீட்டை ஒப்படைச்ச நாளிலிருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிஞ்சா, எழுத்துல சொன்ன 30 நாளுக்குள்ள பில்டர் காசு வாங்காம சரி பண்ணித் தரணும். நல்ல சட்டம். ஆனா நடைமுறையில ரெண்டு சிக்கல். கிரானைட்ல ஒரு விரிசல், உடைஞ்ச டைல், கீறல் விழுந்த கண்ணாடி இதையெல்லாம் குடிபோன பிறகு சொன்னா, "நீங்க சாமான் ஏத்தும்போது ஆயிருக்கும் சார்"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. ரெண்டாவது, பாத்ரூம் தரையை உடைச்சு சரி பண்ற வேலையை, குழந்தையும் வயசானவங்களும் இருக்கிற வீட்டுக்குள்ள யோசிச்சுப் பாருங்க. அதனால இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சரியான நேரம், பெயிண்ட் வரை எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு, பொசஷன் லெட்டரில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி. என் அக்ரிமெண்ட்ல கடைசி 5 சதவீதப் பணம் சாவி தரும்போதுதான் கட்டணும். அந்தத் தவணை தேதிக்கு முன்னாடியே இன்ஸ்பெக்‌ஷனை வச்சுக்கிட்டேன்.

ஆள் கிடைச்சார். 30 வருஷம் சைட்ல நின்ன சிவில் இன்ஜினியர். 9 ஆயிரம் ரூபாய் ஃபீஸ். பில்டர் ஆபீஸ்ல சொன்னேன். "சார், வெளி ஆளை உள்ளே விடுறது எங்க பாலிசி இல்லை"ன்னாங்க. நான் சண்டை போடல. "அக்ரிமெண்ட்ல எந்த கிளாஸ்ல அப்படி இருக்குன்னு நம்பர் மட்டும் சொல்லுங்க"ன்னு ஒரு மெயில் போட்டேன். மறுநாள் சனிக்கிழமை 10 மணிக்கு வரச் சொல்லி பதில் வந்தது. போன்ல பேசினா அது பேச்சு. மெயில்ல கேட்டா அது ரெக்கார்டு.

அவர் என்ன பண்ணார்னு வரிசையா சொல்றேன். செலவு பண்ண முடியாதவங்க இதுல பாதியை நீங்களே பண்ணலாம்.

முதல்ல அளவு. லேசர் மீட்டர் வச்சு ஒவ்வொரு ரூமையும் அளந்தார். ரெராப்படி கார்ப்பெட் ஏரியான்னா வெளிச்சுவர், பால்கனி, டக்ட் இதெல்லாம் சேராது. ஆனா உள்ளே இருக்கிற தடுப்புச் சுவர் சேரும். புரோஷர்ல போட்டிருக்கிற சூப்பர் பில்டப் ஏரியாவோட ஒப்பிட்டா மனசு உடைஞ்சிடும், அக்ரிமெண்ட்ல இருக்கிற கார்ப்பெட் ஏரியாவோட ஒப்பிடுங்க.

அடுத்து தரை. ஒரு சின்னக் குச்சியால ஒவ்வொரு டைலையும் தட்டிக்கிட்டே போனார். அடியில சிமெண்ட் சரியா பிடிக்காத டைல் பொக்கையா சத்தம் கொடுக்கும். பீரோ காலை அது மேல வச்சா உடையும். ஹால்ல 7 டைல் அப்படி. நாம ஒரு ரூபாய் காசை வச்சே தட்டிப் பார்க்கலாம். பாத்ரூம்லயும் பால்கனியிலும் ஒரு குவளைத் தண்ணி ஊத்தி, அது தானா ஓட்டையைப் பார்த்து ஓடுதா, மூலையில தேங்குதான்னு பாருங்க.

சுவர். பூச்சுல முடி மாதிரி ஓடுற விரிசல் சகஜம், பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா போயிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா இறங்குற விரிசல், பீமும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல நீளமா போற விரிசல், இதுக்கெல்லாம் காரணம் கேட்டு எழுத்துல பதில் வாங்கணும். சுவர்ல உப்பு பூத்திருந்தா உள்ளே எங்கயோ ஓதம் இருக்குன்னு அர்த்தம். ஈரம் காட்டுற மீட்டர் ஒண்ணு அவர்கிட்ட இருந்தது.

கரண்ட். ஒவ்வொரு பிளக் பாயிண்ட்லயும் டெஸ்டர் சொருகிப் பார்த்தார். ரெண்டு இடத்துல எர்த்தே வரல. பார்க்க எல்லாம் மூணு ஓட்டை பிளக்தான், ஆனா மூணாவது ஓட்டை வெறும் அலங்காரம். கீசர் பாயிண்ட்ல அது உயிர் விஷயம். மெயின் போர்டுல ஆர்சிசிபின்னு ஒண்ணு இருக்கும், கரண்ட் கசிஞ்சா சட்டுனு கட் பண்றது. அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா விழணும். விழலைன்னா மாத்தச் சொல்லுங்க.

கடைசியாத்தான் பாத்ரூம் தண்ணி டெஸ்ட். வடிகால் ஓட்டையைத் துணியால அடைச்சு, தரையில தண்ணி நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால சுவத்துல கோடு போட்டுட்டு, 24 மணி நேரம் விட்டோம். மறுநாள் காலையில கோட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. ஆவியாப் போறதெல்லாம் அவ்வளவு இருக்காது. கீழ் வீட்டுக் கதவைத் தட்டினோம். ஏற்கெனவே குடிவந்துட்டாங்க. புதுசா போட்ட சீலிங்ல ஒரு தட்டு அளவுக்கு ஈரம். அந்த அக்கா என்னைப் பார்த்து, "நீங்க குடியே வரலையே தம்பி, அதுக்குள்ளயா?"ன்னு கேட்டாங்க.

மொத்தம் 41 குறை. ரிப்போர்ட்டை அப்படியே பக் லிஸ்ட் மாதிரி பிரிச்சேன். பொசஷனைத் தடுக்கிறது, 30 நாள்ல முடிக்க வேண்டியது, முடிஞ்சா நல்லது. முதல் லிஸ்ட்ல மூணுதான்: பாத்ரூம் கசிவு, எர்த், ஒரு விரிசல். ஒவ்வொண்ணுக்கும் போட்டோ, எந்த ரூம், எந்தச் சுவர். இப்படிப் பிரிக்கலைன்னா 38 சின்ன வேலையை முடிச்சுட்டு "95 சதவீதம் ஓவர் சார்"னு வந்து நிப்பாங்க.

பில்டர் சொன்னது: "கையெழுத்துப் போட்டுடுங்க, பின்னாடி பண்ணித் தர்றோம். இந்த வாரம் வாங்கலைன்னா ஹோல்டிங் சார்ஜ் வரும்." அதே 2016 சட்டத்தோட 19-வது பிரிவுல, குடியிருப்புச் சான்றிதழ் வந்ததிலிருந்து ரெண்டு மாசத்துக்குள்ள வீட்டை எடுத்துக்கணும்னு இருக்கு. நமக்கு விதிச்ச கடமைதான் அது. ஆனா அந்த ரெண்டு மாசம் நம்ம கையில இருக்குன்னும் அர்த்தம். சென்னையில சிஎம்டிஏ கொடுக்கிற நிறைவுச் சான்றிதழ் என்ன தேதின்னு கேட்டேன். 12 நாள்தான் ஆகியிருந்தது. அவசரம் அவங்களோடது.

உண்மையான சிக்கல் எங்க வீட்டுக்குள்ள. அம்மா தை மாசத்துல கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சு, பத்திரிகையும் கொடுத்தாச்சு. "குறிச்ச நாளைத் தள்ளினா நல்லதில்லடா"ன்னு அழுகையே வந்திடுச்சு. அப்பா ரிட்டயர்மெண்ட் பணத்துல ஒரு பங்கு அந்த வீட்ல இருக்கு. அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நம்ம வீட்ல பால் பொங்குற அன்னைக்கு அடுத்தவங்க தலையில தண்ணி சொட்டக் கூடாது"ன்னார். அவ்வளவுதான்.

பில்டர்கிட்ட ஒரே ஒரு கோரிக்கை வச்சேன். பூஜைக்கு ஒரு நாள் மட்டும் சாவி, இது பொசஷன் ஆகாதுன்னு மெயில்ல எழுதிக் கொடுங்க. கொடுத்தாங்க. குறிச்ச நேரத்துல ஹால்ல ஹோமம் நடந்தது, பால் பொங்கியது, சொந்தக்காரங்க எல்லாம் உடைச்சுப் போட்ட பாத்ரூமை எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். வாட்டர்புரூஃபிங் புதுசா போட்டு, மறுபடியும் 24 மணி நேரம் தண்ணி நிறுத்திப் பார்த்து, கோடு அசையலைன்னு தெரிஞ்ச பிறகுதான் கையெழுத்து. எனக்கு ஆன நஷ்டம் ஒரு மாச வாடகை, 18 ஆயிரம். இஎம்ஐயும் வாடகையும் சேர்ந்து வந்த அந்த மாசம் கஷ்டமாத்தான் இருந்தது.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. இன்ஸ்பெக்‌ஷன்ல கண்ணுக்குத் தெரியுறதுதான் தெரியும். கான்கிரீட்டுக்குள்ள கம்பி எவ்வளவு, அடியில மண் எப்படின்னு தெரியாது. 2014 ஜூன் 28-ல மவுலிவாக்கத்துல 11 மாடிக் கட்டிடம் இடிஞ்சு 61 பேர் செத்தாங்க. அந்த மாதிரி ஆபத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால கட்டும்போதே, பூச்சு வேலைக்கு முன்னாடி ஒரு தடவையாவது சைட்டுக்குப் போங்க. ரெரா பதிவு எண்ணை வச்சு பிளான் அப்ரூவலைப் பாருங்க. பழைய ஃபிளாட் வாங்குறவங்க, ஐப்பசி கார்த்திகை மழையில ஒரு தடவை போய்ப் பாருங்க. மொட்டை மாடி, சம்ப், தெருவுல தண்ணி நிக்கிற உயரம், எதையும் யாரும் மறைக்க முடியாது. கடற்கரைப் பக்கம்னா சீலிங்ல காரை விழுந்து துருப்பிடிச்ச கம்பி தெரியுதான்னு அண்ணாந்து பாருங்க.

இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டுப் போறது பில்டரை அவமானப்படுத்துறது இல்லை. நல்ல பில்டருக்கு அது இலவச டெஸ்டிங்.

அடுத்த எபிசோடுல அசோசியேஷன், மெயின்டனன்ஸ் கணக்கு பத்திப் பேசலாம். சாவி வாங்கப்போற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்பி விடுங்க.