ஆப்புக்கும் வேண்டும் ஆண்டுப் பராமரிப்பு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சங்க ஆப்பைப் பராமரித்து வரும் பி பிளாக் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் போனால் பின்னால் தயாராக இருக்கும் போண்டா ஆறிவிடும் என்று எச்சரித்தும் இருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சங்க ஆப் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டில் விருந்தாளி வந்தால் தகவல் வருவது, தண்ணீர் லாரி வரும் நேரம், மெயின்டனன்ஸ் ரசீது எல்லாம் அதில்தான். அதில் ஒரு சிவப்புப் பட்டனும் இருக்கிறது. அவசரம் என்றால் அதை அழுத்தினால் கேட்டில் இருக்கும் ஃபோன் அலறும்.

போன அக்டோபரில் ஒரு ராத்திரி அந்த ஃபோன் அலறவில்லை. சி பிளாக்கில் ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் மனைவி பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கடைசியில் பால்கனிக்கு வந்து கத்தி, அது செக்யூரிட்டி காதில் விழுந்து, அவர் ஓடி வந்து 108-ஐக் கூப்பிடுவதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. பெரியவர் இப்போது நலம். அதோ முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தப் பத்து நிமிடத்துக்குக் காரணம் நான். அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஆப் செய்பவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. ஃபோனைச் செய்தவர்கள் ஒரு கருவிப்பெட்டி தருவார்கள். அதற்கு எஸ்.டி.கே. என்று பெயர். ஆண்ட்ராய்டு புதிதாக வரும்போதெல்லாம் இந்தப் பெட்டியும் புதிதாகும். அதற்கு ஒரு எண்ணும் இருக்கும். ஆண்ட்ராய்டு 5.1-க்கு 22. ஆண்ட்ராய்டு 13-க்கு 33. ஆண்ட்ராய்டு 15-க்கு 35.

ஒவ்வொரு ஆப்பிலும் இப்படி மூன்று எண்கள் எழுதப்பட்டிருக்கும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. நம் கட்டடத்தை வைத்தே சொல்கிறேன்.

முதல் எண் ‘மின்’. எவ்வளவு பழைய ஃபோன் வரைக்கும் உள்ளே விடுவோம் என்பது. இது வாசல்படி. படியை உயர்த்தினால் பழைய ஃபோன்காரர்கள் ஏற முடியாது.

இரண்டாவது எண் ‘கம்பைல்’. ஆப்பைக் கட்டும்போது மேஸ்திரி எந்த வருடத்துக் கருவிப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது. இதை உயர்த்துவதால் மட்டும் குடியிருப்பவருக்கு எதுவும் மாறாது.

மூன்றாவது எண் ‘டார்கெட்’. எந்த வருடத்து விதிகளுக்கு நாங்கள் கட்டுப்படுகிறோம் என்று எழுதிக் கொடுப்பது. பழைய பிளானுக்கு அனுமதி வாங்கிய கட்டடத்தில் இன்று ஒரு மாடி எழுப்பினால் இன்றைய விதிதானே பொருந்தும்? அதுபோலத்தான். டார்கெட்டை உயர்த்தினால் அந்த ஆண்டு வரைக்கும் வந்த புது விதிகள் எல்லாம் நம் ஆப்புக்கும் பொருந்த ஆரம்பித்துவிடும்.

கூகுள் பிளே ஸ்டோர் வருடா வருடம் இந்த மூன்றாவது எண்ணைத்தான் பிடித்து உலுக்கும். 2023 ஆகஸ்ட் 31 முதல் 33 வேண்டும் என்றார்கள். 2024 ஆகஸ்ட் 31 முதல் 34. 2025 ஆகஸ்ட் 31 முதல் 35. அதற்குக் கீழே இருந்தால் புது ஆப்பையும் ஏற்ற முடியாது, பழைய ஆப்புக்கு அப்டேட்டும் போட முடியாது.

நம் ஆப் 2020-இல் கொரோனா நேரத்தில் செய்தது. டார்கெட் 29. செய்து கொடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஓடுகிறதே என்று நாமும் விட்டுவிட்டோம். போன வருடம் புதிதாகக் குடிவந்த நான்கைந்து குடும்பங்கள் ‘பிளே ஸ்டோரில் உங்கள் ஆப்பே இல்லையே’ என்று கேட்டார்கள். நான் என் ஃபோனில் தேடினேன், இருந்தது. ‘சரியாகத் தேடுங்கள்’ என்று கொஞ்சம் எரிச்சலாகவே சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விதி என்னவென்றால், டார்கெட் பழையதாகிப் போன ஆப்பை, அதைவிடப் புது ஆண்ட்ராய்டு இருக்கும் ஃபோனில் புது ஆட்களுக்கு ஸ்டோர் காட்டாது. முன்பே போட்டிருந்தவர்களுக்குக் காட்டும். அதனால்தான் எனக்குத் தெரிந்தது, அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு வந்த முதல் யோசனை, ஏபிகே ஃபைலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடலாம் என்பது. செயலாளர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் ஏபிகே அனுப்பி வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. சங்கமே அப்படி ஒரு ஃபைலை அனுப்பினால், நாளை யார் அனுப்பினாலும் நீங்கள் நம்பித் திறந்துவிடுவீர்கள். ஆகவே ஸ்டோர் வழியாகத்தான் போவது என்று முடிவானது.

செப்டம்பரில் பழைய நிரலைத் திறந்தேன். 29 என்று இருந்த இடத்தில் 35 என்று மாற்றினேன். ‘பில்ட்’ பட்டனை அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பிழையைச் சரி செய்தால் மூன்று முளைத்தது. இரண்டு வாரம் இப்படியே போனது. இங்கே ஆப் செய்யும் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். நான் பட்ட பாட்டிலிருந்து நான்கு விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் ஓடுகிற நிலையை கிட்டில் பத்திரப்படுத்துங்கள். அடுத்து கட்டும் கருவிகளை மட்டும் உயர்த்துங்கள். டார்கெட்டைத் தொடவே வேண்டாம். 35-க்குக் கட்ட ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்-இன் 8.6-ஆவது வேண்டும். அதற்கு கிரேடில் 8.7 வேண்டும். அதற்கு ஜாவா 17 வேண்டும். நம்முடையது ஜாவா 8-இல் நின்றிருந்தது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கோர்த்த சங்கிலி; ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் சண்டைக்கு வரும். எதற்கு எது பொருந்தும் என்ற அட்டவணை ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே இருக்கிறது. யாரோ எங்கோ எழுதிய பதிலிலிருந்து எண்ணை எடுக்காமல், அந்த அட்டவணையைப் பார்த்து எடுங்கள்.

இரண்டு, பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். கிரேடில் ஐம்பது வரி கொட்டும். அதில் ‘வாட் வென்ட் ராங்’ என்ற தலைப்புக்குக் கீழே உள்ளதையும், கடைசியாக வரும் ‘காஸ்டு பை’ வரியையும் பாருங்கள். நோய் அங்கேதான் இருக்கும், மற்றதெல்லாம் அதன் முனகல். நம் ஆப்பில் ஒரு நூலகம் ஜேசென்டர் என்ற பழைய கிடங்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் கிடங்கை மூடப்போவதாக 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். அதே நூலகம் மேவன் சென்ட்ரலில் இருந்தது. முகவரியை மாற்றினேன், இருபது பிழை ஒன்றாக மறைந்தது.

மூன்று, ஒரு நூலகம் உள்ளே இன்னொரு நூலகத்தை இழுத்து வரும். ஒரே வகுப்பு இரண்டு பதிப்புகளில் வந்து ‘டூப்ளிகேட் கிளாஸ்’ என்று முட்டிக்கொள்ளும். கிரேடிலில் ‘டிபென்டென்சீஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் யார் யாரை அழைத்து வந்தார்கள் என்று வம்சாவளி மாதிரி காட்டும். அதைப் பார்த்துவிட்டு, பழைய பதிப்பை இழுத்து வரும் நூலகத்தைப் புதுப்பியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எதையும் நீக்காதீர்கள்.

நான்கு, டார்கெட்டை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். 30-இல் ஃபோனின் சேமிப்பிடத்தைத் தொடும் விதி மாறும். 31-இல் வெளியிலிருந்து திறக்கக்கூடிய ஒவ்வொரு பகுதிக்கும் ‘எக்ஸ்போர்ட்டட்’ ஆமா இல்லையா என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் ஆண்ட்ராய்டு 12 ஃபோனில் ஆப்பை நிறுவவே முடியாது. 35-இல் திரை விளிம்பு வரை விரியும். கீழே இருக்கும் பட்டன் ஃபோனின் சொந்தப் பட்டன்களுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். நம் ஆப்பில் ‘உறுதி செய்’ பட்டன் அப்படித்தான் காணாமல் போயிருந்தது. ஒவ்வொரு படிக்கும் என்ன மாறும் என்று தனித்தனிப் பக்கம் இருக்கிறது. படியேறும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழகாகச் சொல்லும் நான் 33-ஆம் படியைச் சரியாகப் படிக்கவில்லை. அங்கேதான் சறுக்கினேன்.

நடந்தது இதுதான். அறிவிப்பு அனுப்பும் நூலகத்தைப் புதுப்பித்தபோது, அது 23-க்குக் கீழே வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. வாசல்படி உயர்ந்தது. கேட்டில் இருந்த ஃபோனோ ஆண்ட்ராய்டு 5.1. அதில் புதுப் பதிப்பு ஏறாது. கமிட்டி உடனே கேட்டுக்குப் புது ஃபோன் வாங்கிக் கொடுத்தது. அதில் ஆப்பைப் போட்டோம். விருந்தாளிப் பதிவு ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் ஆண்ட்ராய்டு 13 முதல், ஓர் ஆப் அறிவிப்பு காட்ட வேண்டுமென்றால் உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். புதிதாகப் போட்ட ஆப்புக்கு அறிவிப்பு அணைந்த நிலையில்தான் இருக்கும். டார்கெட் 33-க்கு மேல் போன ஆப், எப்போது கேட்பது என்பதைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். நான் அந்தக் கேள்வியை எழுதவே இல்லை. சோதித்தது என் ஃபோனில். அது ஆண்ட்ராய்டு 12. அங்கே இந்த விதி கிடையாது. ஆகவே என் கையில் அலறிய ஆப், கேட்டில் வாய் திறக்கவில்லை. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. ஸ்டோரும் ஏற்றுக்கொண்டது. சிவப்பாக வரும் பிழையாவது கண்ணில் படும். இது அந்த ராத்திரி வரை யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது என்ன மாற்றியிருக்கிறோம் என்று சொல்கிறேன். ஆப் அனுமதி கேட்கிறது. அனுமதி இல்லையென்றால் திரையின் மேலே சிவப்புப் பட்டையில் ‘அவசர ஒலி அணைந்திருக்கிறது’ என்று காட்டுகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிவப்புப் பட்டனை அழுத்திப் பார்க்கிறோம்; ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோல. பட்டனை அழுத்திய அரை நிமிடத்தில் கேட்டிலிருந்து யாரும் ஏற்காவிட்டால், அழுத்தியவரின் ஃபோன் திரையில் 108-ம் கேட்டின் லேண்ட்லைன் எண்ணும் வந்து நிற்கும். ஆப்பை மட்டும் நம்பி ஓர் உயிர் இருக்கக் கூடாது.

புதுப் பதிப்பை இனி எல்லோருக்கும் ஒரேயடியாகத் தள்ளுவதில்லை. முதலில் உள்சோதனை, அதில் ஒரு பழைய ஃபோன், ஒரு நடுத்தர ஃபோன், ஒரு புத்தம்புது ஃபோன் மூன்றிலும் ஆப்பை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்க்கிறோம். பிறகு இருபது சதவீதம் பேருக்கு. இரண்டு நாள் புகார் இல்லையென்றால் மற்றவர்களுக்கு.

இன்னொரு விஷயம், சாவி. ஸ்டோரில் ஏற்ற ஒரு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். நம்முடையது பழைய டெவலப்பரின் லேப்டாப்போடு போய்விட்டது. நல்லவேளை, உண்மையான கையெழுத்துச் சாவி கூகுளிடம் பத்திரமாக இருக்கும் ஏற்பாட்டில் நம் ஆப் சேர்ந்திருந்தது. அதனால் ஏற்றும் சாவியை மட்டும் மாற்றித் தரும்படி கேட்க முடிந்தது. அதற்கும் கணக்கு முன்னாள் செயலாளரின் சொந்த மெயிலில் இருந்ததால், கோயம்புத்தூரில் பேரன் வீட்டில் இருப்பவரைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி ஓ.டி.பி. வாங்கினேன். இப்போது கணக்கு சங்கத்தின் மெயிலில் இருக்கிறது. சாவியின் நகலும் கடவுச்சொல்லும் முத்திரையிட்ட உறையில் சங்க அலமாரியில் இருக்கின்றன.

ஐஃபோன்காரர்கள் முறைக்கிறீர்கள். அங்கேயும் இதே கதைதான். 2025 ஏப்ரல் 24 முதல் எக்ஸ்கோட் 16-இல், ஐஓஎஸ் 18 எஸ்.டி.கே.-யிலாவது கட்டியதைத்தான் ஏற்போம் என்று ஆப்பிள் அறிவித்தது. எக்ஸ்கோட் 16 ஓட மேக்ஓஎஸ் 14.5-ஆவது வேண்டும். நம் டி பிளாக் தம்பியின் பழைய மேக்புக் அதற்கு ஏறாது. கூகுளுக்கு 25 டாலர் ஒரு முறை கட்டினால் போதும். ஆப்பிளுக்கு வருடத்துக்கு 99 டாலர். இதைக் கமிட்டி முடிவு செய்யட்டும்.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். லிஃப்ட்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது, ஜெனரேட்டருக்கு இருக்கிறது. ஆப்புக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி போடுங்கள். ஜூன் மாதமே வேலையைத் தொடங்கினால் ஆகஸ்ட் கெடுவுக்குள் நிதானமாக முடியும். அந்த வரி இருந்தால், நாளை நான் வீடு மாறிப் போனாலும் வேலை நிற்காது.

இரண்டாவது, நம் பிள்ளைகளுக்காக. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கில் ஓர் ஆப்பை வெளியிட, குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை 12 பேருக்கு எங்கே போகும்? இங்கே இத்தனை வீடுகள் இருக்கின்றன. யாராவது வந்து கேட்டால் சேர்ந்துகொள்ளுங்கள். ஸ்டோரின் சோதனை இணைப்பு வழியாக மட்டும் போடுங்கள், 14 நாள் முடியும் வரை நீக்காதீர்கள், பிழை கண்டால் திட்டாமல் சொல்லுங்கள்.

இப்போது எல்லோரும் ஃபோனை எடுங்கள். செட்டிங்ஸில் நம் ஆப்பைத் திறந்து, அறிவிப்பு ‘ஆன்’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள், நான் அங்கேயே வருகிறேன். அது முடிந்த பிறகுதான் போண்டா.

(அன்று கை தூக்கியவர்கள் பதினாறு பேர். இதைப் படிக்கும் நீங்களும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். – ஆசிரியர் குழு)