கொங்கிறீட் கழுவின தண்ணி எங்க போகுது?

(டவுன்டவுனில் நடந்த எங்கள் மாதாந்தச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுமொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வெளியில இறங்கி அண்ணாந்து பார்த்தால் கிரேன்கள்தான். கீழ கொங்கிறீட் லொறிகள் வரிசையாகப் போகுது. வாடகை பற்றியும் வீட்டு விலை பற்றியும் நாங்கள் நிறையக் கதைச்சிருக்கிறம். இண்டைக்கு நான் சொல்லப்போறது அந்த லொறிகளைக் கழுவிற தண்ணியைப் பற்றி.

வேலை முடிய லொறியின்ர உருளையைக் கழுவ வேணும். இல்லாட்டி உள்ளுக்குச் சீமெந்து இறுகிப்போகும். ஒரு லொறிக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் தண்ணி செலவாகும். சீமெந்தில உள்ள சுண்ணாம்பு அதில கரையும். நல்ல தண்ணியின் பிஎச் 7 எண்டால், கழுவுநீரில அது 12ஐத் தொடும். ஐந்து படிதானே எண்டு நினைக்காதேங்கோ. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆக, காரம் ஒரு இலட்சம் மடங்கு கூட. அதை மீனின் செவுள் தாங்காது, கையுறை இல்லாமல் கழுவுற தொழிலாளியின்ர தோலும் தாங்காது.

கிரவல் குழியில பிரச்சினை வேற. கல்லைக் கழுவினால் மணல் கெதியாக அடியில தங்கும். களி நாள்கணக்கில மிதக்கும். அதை அப்படியே ஓடையில விட்டால், மீன் முட்டையிடுற கற்களை மூடிப்போடும். குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழ போனால் தண்ணியைப் பம்ப் பண்ணிக்கொண்டே இருக்க வேணும். பக்கத்துக் கிணறுகள் வற்றத் தொடங்கும்.

இதுக்கு வழி தெரியாமல் இல்லை. வரிசையாகத் தெளிவுக் குளங்கள் வெட்டலாம். தெளிஞ்ச தண்ணியை அடுத்த கலவைக்கே எடுக்கலாம். மிஞ்சினதுக்குள்ள கரியமிலவாயுவைச் செலுத்தினால் சுண்ணாம்பு படிஞ்சு பிஎச் இறங்கும். குளம் மட்டும் பெரிசாக இருக்க வேணும், வசந்தத்தில பனி உருகி வாறதையும் தாங்கிற அளவுக்கு. ஆனால் பெரிய குளத்துக்கு நிலம் வேணும், அள்ளித் துப்புரவாக்க ஆள் வேணும். சின்னக் குளம் வழிஞ்சால் கம்பனிக்குச் செலவில்லை. அந்தச் செலவு ஆற்றின்ர தலையிலயும் அயலட்டையின் தலையிலயும் விழும்.

சட்டம் இல்லையா எண்டு கேட்பீங்கள். இருக்கு. கனடாவின் மீன்வளச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, மீன் வாழும் நீரில் கேடான பொருளைக் கலப்பதைத் தடுக்குது. கியூபெக்கில குவாரிகளுக்கான புதிய ஒழுங்குவிதி 2019இல் நடைமுறைக்கு வந்தது. 2009இலிருந்து குவாரிக் கல்லுக்கு டொன் கணக்கில கட்டணமும் எடுக்கினம். ஆனால் அந்தப் பணம் முக்கியமாக லொறிகள் உடைக்கிற வீதியைத் திருத்தத்தான். கிணற்றுக்கு அல்ல.

எங்கட நகரத்தையே பாருங்கோ. சென்-மிஷேலில மிரோன் குவாரியும் சீமெந்து ஆலையும் இருந்தது. கல்லை எடுத்த பிறகு அந்தக் குழியில நகரத்தின்ர குப்பையைக் கொட்டினார்கள். தூசியையும் வெடியையும் நாற்றத்தையும் அனுபவிச்சது அங்க இருந்த தொழிலாளர் குடும்பங்கள். அந்த மக்களின்ர போராட்டம் நீண்டது. 1984இல் மாநகரசபை இடத்தை வாங்கியது. இண்டைக்கு அது ஃபிரெடெரிக் பாக் பூங்கா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போறம். புல்லுக்குக் கீழ இருந்து வாற கழிவுநீரை இன்னும் பம்ப் பண்ணத்தான் வேணும். இலாபம் எடுத்த கம்பனி போயிட்டுது. தண்ணியின்ர செலவு பொதுப் பணத்தில நடக்குது.

ஊரிலயும் இதுதான் கதை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொடங்கி, 1990இல் யுத்தத்தோட நிண்டது. சுண்ணக்கல் தோண்டின குழிகள் மட்டும் மிஞ்சிச்சுது. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. அந்தச் சுண்ணக்கல்லுக்குள்ள இருக்கிற தண்ணிதான் எங்கட குடிதண்ணி. மேல ஊத்தினது கெதியாகக் கீழ இறங்கும். சுன்னாகத்தில அனல்மின் நிலைய எண்ணெய் கிணறுகளுக்குள்ள போன வழக்கில, 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம் கம்பனியை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. கிணற்றில எண்ணெய் மிதந்தால் கண்ணுக்குத் தெரியும். சுண்ணாம்புத் தண்ணி தெளிஞ்சு நல்ல தண்ணி மாதிரியே இருக்கும். அதனாலதான் அளந்து சொல்லுற ஆள் வேணும்.

அந்த ஆள் ஆர்? வருசத்தில ஒருக்கால் வாற பரிசோதகர் அல்ல. குளம் வழியிறதை முதல்ல காண்பது உருளை கழுவுற தொழிலாளிதான். தற்காலிக விசாவில இருக்கிறவர் வாய் திறந்தால் வேலை போகலாம். ஆகவே தண்ணிப் பிரச்சினை தொழிலாளர் உரிமைப் பிரச்சினையும்தான்.

நாங்கள் மூண்டு விசயம் கேட்க வேணும். பரிசோதனை முடிவுகளை வாசலில ஒட்ட வேணும். முறையிடுற தொழிலாளிக்கு, எந்த விசாவில இருந்தாலும், பாதுகாப்பு வேணும். பொதுப் பணத்தில கட்டுற கட்டடத்துக்கு, தண்ணியைத் திருப்பிப் பாவிக்கிற ஆலையின்ர கொங்கிறீட் மட்டும் வாங்க வேணும். மூண்டாவது மாநகரசபையின் கையிலயே இருக்கு. சபைக் கூட்டங்களில பொதுமக்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கிறவை. அடுத்த கூட்டத்தில ஆர் எழும்பிக் கேட்கிறது எண்டதை இண்டைக்கே முடிவு செய்வம்.