பிள்ளையின் படிப்புச் சேமிப்பும் பெற்றோரின் வருமான வரியும்



தோட்டத்தை நம்பி வாழ்ந்த சிலிம் ரிவர் வட்டாரக் குடும்பங்களில் இன்று மாதச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்ததும் எழும் கேள்வி: உபகாரச் சம்பளத்துக்கு வரி உண்டா? இல்லை. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அதற்கு விலக்கு அளிக்கிறது.

தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கும், மணமாகாத மகளுக்காகத் தந்தையோ தாயோ 8,000 வெள்ளி வரிக் கழிவு கேட்கலாம்.

கவனம் தேவைப்படுவது பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். சேமிப்பில்தான். இதற்கும் 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை, 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. ஆனால், அந்த ஆண்டில் போட்டதிலிருந்து அதே ஆண்டில் எடுத்ததைக் கழித்து மிஞ்சுவதே கணக்கில் சேரும்.

வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி உள்ள ஒரு தந்தை 6,000 வெள்ளி போடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 11 விழுக்காட்டு வரியில் அவருக்கு 660 வெள்ளி மிச்சம். கல்விக் கட்டணத்துக்காக அதே ஆண்டு செப்டம்பரில் 5,000 வெள்ளி எடுத்தால், மிச்சம் 110 வெள்ளிதான்.

எடுத்த பணத்துக்கு வரி இல்லை, கழிவுதான் குறைகிறது. ஆண்டுதோறும் போடுவதும் எடுப்பதுமாக இருப்பதைவிட, பணம் போடாத ஓர் ஆண்டில் தேவையானதை மொத்தமாக எடுப்பது இலாபம். உபகாரச் சம்பளம் கிடைத்த வீட்டில் சேமிப்பைத் தொடாமலே இருக்கலாம்.

கணவனும் மனைவியும் தனித்தனியே வரி கட்டினால், அவரவர் சேமிப்புக்கு அவரவர் கழிவு கேட்கலாம். ஆவணங்களை 7 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

படிப்புக்குச் சேர்த்த பணம் படிப்புக்கே போகட்டும். எந்த ஆண்டில் எடுப்பது என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்வது நல்லது.