கள்ளுக்கடை மறியல் நமக்குச் சொல்லும் பாடம்

(திருப்புலிவனம் விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



நம்ம வரப்புல நிக்கிற பனை நம்முடையது. ஆனா அதுல கள் இறக்கினா கேஸ். இந்த வழக்கம் எங்கேயிருந்து வந்தது?

வெள்ளைக்காரன் 1886-இல் சென்னை மாகாணத்துக்கு ஆப்காரிச் சட்டம் போட்டான். மரத்துக்கு மரம் வரி. கடைக்கு ஏலம். லைசென்ஸ் இல்லாமல் சொந்த மரத்தில் கள் இறக்கினாலும் குற்றம். மாகாண வருமானத்தில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் கஜானாவுக்குப் போனது.

அதனால்தான் 1921-இல் ஒத்துழையாமை இயக்கம் கள்ளுக்கடை வாசலுக்கு வந்தது. குடியைக் கெடுக்கும் குடியை ஒழிப்பது ஒரு நோக்கம். சர்க்கார் பெட்டியில் கை வைப்பது இன்னொன்று. ஈரோட்டில் பெரியார் மறியல் செய்து சிறை போனார். அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் 144 தடையை மீறி வீதிக்கு வந்தார்கள். சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் பெரியார். மனு கொடுத்துப் பார்த்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை, வருமானம் வரும் வாசலிலே போய் நின்றார்கள்.

1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. கடை மூடினதில் நஷ்டம் சர்க்காருக்கு மட்டுமா? மரம் ஏறிப் பிழைத்தவனுக்கும்தான். சர்க்கார் வேறு வரி போட்டுக்கொண்டது. மரமேறி என்ன வரி போடுவான்?

இன்றைக்கு என்ன நடக்குது? 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003 முதல் டாஸ்மாக் மூலம் அரசே கடை திறந்து சாராய பாட்டில் விற்குது. பக்கத்துல கேரளாவிலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை உண்டு. இங்கே மரத்துல இறங்குறது குற்றம், ஆலையில காய்ச்சுறது வருமானம்! இது எந்த ஊர் நியாயம்?

யாரையும் குடிக்கச் சொல்லி நாம பேச வரலை. மதுவிலக்குன்னா எல்லாத்துக்கும் விலக்கு வை. இல்லேன்னா கள்ளுக்குள்ள தடையை எடு. பனங்கருப்பட்டிக்கும் பதநீருக்கும் கட்டுப்படியாகுற விலை கொடு.

குடவோலை போட்டு ஊரை ஆண்ட உத்திரமேரூர் மண்ணு இது. நம்ம மரத்தைப் பத்தி முடிவெடுக்க நமக்கு வாய் இருக்கு. கட்சி, சாதி பார்க்காம வீட்டுக்கு ஒருத்தர் போராட்டத்துக்கு வாங்க!

மரம் நமது! உரிமையும் நமதே!